கடல் தாண்டிய படிப்பை பயோடேட்டாவில் எழுதுவது எப்படி?

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நமது சங்க அங்கத்தினர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று சொன்னதால் எழுத்தில் தருகிறேன்.)

 

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஸர்க்கார் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் பெரும்பகுதி, மற்றவர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொண்ட காகிதங்களைப் படித்துக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவதுதான். உபகாரச் சம்பள விண்ணப்பம், வேலை விண்ணப்பம், பதவி உயர்வுக்கான பயோடேட்டா என்று கட்டுக் கட்டாக வரும். ரிடையரான பிறகும் அது விட்டபாடில்லை. உறவிலும் நட்பிலும் யார் வீட்டுப் பிள்ளை விண்ணப்பம் போட்டாலும், "மாமா, ஒரு தடவை பார்த்துக் கொடுங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். முன்பு தபாலில் வந்தது, இப்போது வாட்ஸப்பில் வருகிறது. அந்த உரிமையில்தான் இந்த விஷயத்தைப் பேச ஒப்புக்கொண்டேன்.

இப்போது வருகிற பயோடேட்டாக்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு வெளிநாட்டு வரி இருக்கிறது. ஒரு பையன் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் இருந்திருப்பான். ஒரு பெண் ஜப்பானில் ஆறு வாரம் இருந்திருப்பாள். இன்னொருவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அமெரிக்கப் பாடம் ஒன்றை முடித்திருப்பான். எல்லாமே உழைப்புதான், எல்லாமே எழுத வேண்டியதுதான். எங்கே எழுதுவது, எப்படி எழுதுவது என்பதில்தான் குழப்பம்.

இந்த விஷயத்தைப் பேசக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஒரு காலத்தில் இந்த ஊருக்கே 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த ஊர்ச் சுரங்கத்துக்குள் நடந்த ஒரு விஞ்ஞான காரியத்தைப் பற்றி வெளியூர் அங்கத்தினர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளிலும் பலருக்குத் தெரியவில்லை என்பதை இன்று காலை விசாரித்ததில் தெரிந்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

ஆகாயத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் சதா நம் மேல் விழுந்துகொண்டிருக்கின்றன. தரைக்கு அடியில் போகப் போக அவை குறையும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளக்க ஆழமான பள்ளம் வேண்டும். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று இங்கே சாம்பியன் ரீஃபில் இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். ஹோமி பாபா ஆரம்பித்த, பம்பாயில் இருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, 1951-ல், மைசூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் கருவிகளோடு இந்தச் சுரங்கத்தில் இறங்கினார். அவர்தான் பி.வி. ஸ்ரீகண்டன். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் எம்.எஸ்ஸி. படித்தவர். இந்தச் சுரங்க வேலையை வைத்தே பம்பாய் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாங்கினார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் புரூனோ ராஸியின் குழுவோடு வேலை செய்ததெல்லாம் அதற்குப் பின்னால்தான். 1975-லிருந்து 1987 வரை டாட்டா நிலையத்துக்கே டைரக்டராக இருந்தார். 2019-ல் காலமானார்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் இன்னும் ஆழமாக, சுமார் 2.7 கிலோமீட்டர் கீழே, கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒசாகாவிலிருந்து வந்த மியாகே, நம்மவர்களான நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் செய்த பரிசோதனை அது. இரண்டு மாதத்தில் எத்தனை கதிர்கள் பதிவாயின தெரியுமா? ஒன்றுகூட இல்லை. வேறு யாராவது இருந்தால், கருவி சரியில்லை என்று மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் அந்தப் பூஜ்யத்தை அப்படியே எழுதினார்கள். இவ்வளவு நிசப்தமான இடம் என்றால், எந்தப் பாறையையும் துளைத்துக்கொண்டு வரும் நியூட்ரினோ என்ற துகளைத் தேடுவதற்கு இதுதான் இடம் என்று அந்தப் பூஜ்யமே வழி காட்டியது.

1965-ல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா நிலையமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வாயுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தன. அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் அமெரிக்கரான ரைன்ஸின் குழுவும் அதையே தேடிக்கொண்டிருந்தது. தடத்தை முதலில் கண்டது அவர்கள்; அச்சில் முதலில் வந்தது நம் கட்டுரை. 1965 ஆகஸ்ட் 15-ம் தேதியிட்ட இதழில் வந்தது என்றால் நமக்கு இன்னும் ஒரு சந்தோஷம். அவர்களுடையது அதே மாதம் 30-ம் தேதி வந்தது.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். மொத்தம் பதினோரு பேர். அச்சார், மேனன், நரசிம்மம், ரமணமூர்த்தி, ஸ்ரீகண்டன் ஆகியோர் பம்பாய். ஹினோடானி, மியாகே இருவரும் ஒசாகா. கிரீட், ஆஸ்போர்ன், பாட்டிசன், வுல்ஃபண்டேல் நால்வரும் டர்ஹாம். ஒவ்வொரு நிலையத்துக்குள்ளும் இங்கிலீஷ் அகரவரிசைப்படி பெயர்கள். எம்.ஜி.கே. மேனன் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் நோபல் பரிசு பெற்ற பவலிடம் பிஎச்.டி. வாங்கியவர். ஸ்ரீகண்டன் பம்பாய் பிஎச்.டி. இரண்டு பேரும் ஒரே வரிசையில் எழுத்து முறைப்படிதான் நிற்கிறார்கள். யார் எங்கே படித்தார் என்பதற்கு அங்கே இடமே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. டர்ஹாமிலும் ஒசாகாவிலும் இருந்தவர்களுக்கு எது வெளிநாடு? கோலார் தங்கவயல்தான் வெளிநாடு! அவர்கள் தங்கள் ஊரில் பயோடேட்டா எழுதினால், "இந்தியா, கோலார் தங்கவயல் ஆழ்நிலத்தடி ஆய்வு" என்று பெருமையாக ஒரு வரி எழுதலாம். எந்த நாட்டு முத்திரை என்பதைவிட அங்கே என்ன வேலை நடந்தது என்பதைத்தான் படிக்கிறவன் தேடுகிறான் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்லும்போது ராமனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸர். சி.வி. ராமன் நம்மைப் போல ஸர்க்கார் உத்தியோகஸ்தர். 1907-ல் நிதித்துறைப் பரீட்சை எழுதிக் கல்கத்தாவில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் உதவி அதிகாரியாகச் சேர்ந்தார். சீமைக்குப் போய் ஐ.சி.எஸ். எழுதலாமே என்ற யோசனை முதலில் இருந்தது. சென்னை ஸிவில் ஸர்ஜன் உடம்பைப் பரிசோதித்து, இங்கிலாந்துக் குளிர் இவருக்கு ஆகாது என்று எழுதிவிட்டார். அந்த டாக்டருக்குத் தான் என்றும் கடமைப்பட்டவன் என்று ராமன் பிற்காலத்தில் சொன்னதுண்டு.

பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. வக்கீல் ஸர் தாரக்நாத் பாலித் கொடுத்த தர்மத்தில் ஏற்பட்ட பதவி அது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்காகப் பயிற்சி என்று சொல்லிக் கப்பல் ஏற ராமன் மறுத்துவிட்டார். துணைவேந்தராக இருந்த ஸர் அசுதோஷ் முகர்ஜி மனிதரை எடை போடத் தெரிந்தவர். நிபந்தனையைத் தளர்த்தச் செய்தார். 1917-ல் ராமன் ஸர்க்கார் வேலையை விட்டுவிட்டு, அதைவிட எவ்வளவோ குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். பென்ஷன் உத்தியோகத்தை விடுவதென்றால் என்னவென்று இந்த ஸபையில் பாதிப் பேருக்குத் தெரியும்!

அந்த ராமனும் வெளிநாடு போனார். 1921-ல், ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனார். ஒரு குட்டிப் பயணம். இன்றைய பயோடேட்டாவில் "மாநாடு, ஆக்ஸ்ஃபோர்ட், 1921" என்று அரை வரி. திரும்பி வரும்போது 'நார்குண்டா' கப்பலில், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று கையிலிருந்த சின்னக் கருவியால் சோதித்துப் பார்த்தார். பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும்போதே 'நேச்சர்' பத்திரிகைக்குக் குறிப்பு தயார். அந்த நீலத்தைத் துரத்திக்கொண்டு போனதுதான் 1928 பிப்ரவரி 28-ம் தேதி ராமன் விளைவாக முடிந்தது. (தங்கவயல்காரர்களுக்குப் பிப்ரவரி 28 என்றால் வேறொன்று ஞாபகம் வரும். 2001-ல் அதே தேதியில்தான் பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டது. தேசம் விஞ்ஞான தினம் கொண்டாடும் நாள் இங்கே பல வீடுகளில் அடுப்புக் கவலை ஆரம்பித்த நாள்.)

ராமானுஜத்தின் கதையோ நேர்மாறு. கும்பகோணத்திலும் பச்சையப்பாவிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1914 மார்ச்சில் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் 1916-ல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கொடுத்தார்கள். அவர் கையில் இருந்த பட்டம் அந்த ஒன்றுதான். கடல் தாண்டினால் பிரஷ்டம் என்று நம்மவர்கள் சொன்ன காலம் அது. திரும்பி வந்தால் பிராயச்சித்தம் என்றெல்லாம் வீட்டில் பேச்சு நடந்தது. நம் சமூகத்தில் அன்று சிலர் கடல் தாண்டியதை மறைத்தார்கள். இன்றோ, தாண்டாததை மறைக்கிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு இரண்டுமே உவப்பாக இல்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பையன், நல்ல புத்திசாலி. தன் காலேஜ் அனுப்பி, ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் மாற்று மாணவனாக இருந்தான். நல்ல மார்க்கும் வாங்கினான். பயோடேட்டாவில் 'கல்வி' என்ற தலைப்பின் கீழ்த் தன் காலேஜை ஒரு வரியிலும், அதற்கு மேலேயே, தடித்த எழுத்தில், ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் பெயரையும் வருஷத்தையும் இன்னொரு வரியிலும் போட்டுவிட்டான். பட்டம் என்று எழுதவில்லை, பட்டமில்லை என்றும் எழுதவில்லை. இன்டர்வியூவில் முதல் கேள்வியே, "அந்தப் பட்டத்தின் சான்றிதழ் எங்கே?" என்பதுதான். அவன் விளக்கினான். விளக்கம் உண்மைதான். ஆனால் கேட்டவர்கள் முகத்தில் சந்தேகம் வந்த பிறகு, மீதி இருபது நிமிஷமும் அவன் தன் வேலையைப் பற்றிப் பேசவில்லை. தன் நாணயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். வேலை கிடைக்கவில்லை. அப்பா வாங்கிய கடன் அப்படியே நின்றது.

இன்னொரு பெண், எம்.எஸ்ஸி. மாணவி. ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. உபகாரச் சம்பளத்தில் போட்டியில் தேர்வாகி, இரண்டரை மாதம் ஒரு லேபில் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாள். அதைக் கடைசிப் பக்கத்தில், 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில், கோலம், வீணை, அதற்கப்புறம் 'ஜெர்மனி சென்று வந்துள்ளேன்' என்று எழுதியிருந்தாள்! ஏனம்மா இப்படி என்றால், "ரெண்டரை மாசம்தானே மாமா, பெரிசா எழுதினா தற்பெருமையா இருக்குமோன்னு பயமா இருந்தது" என்றாள். நம் வீடுகளில் பெண் குழந்தைகளை அடக்கமாக வளர்க்கிறோம் என்று பெருமைப்படுகிறோமே, அதன் நஷ்டக் கணக்கு இது. அந்த உபகாரச் சம்பளத்தை 'விருதுகளும் உபகாரச் சம்பளமும்' என்ற இடத்துக்கும், லேபில் செய்த வேலையை 'ஆராய்ச்சி அனுபவம்' என்ற இடத்துக்கும் கொண்டுவந்து, என்ன கருவியைக் கையாண்டாள், யாரிடம் வேலை செய்தாள் என்று இரண்டு வரி எழுத வைத்தேன். வீணை அதே இடத்தில் இருக்கட்டும் என்றேன்.

இந்த இரண்டு பேரின் காகிதத்திலிருந்தே முறை தெரிந்துவிடும். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எதுவோ, அதுதான் 'கல்வி' என்ற தலைப்பில் தனி வரியாக வர வேண்டும். மாற்று மாணவனாகப் போன செமஸ்டர், சொந்தக் காலேஜ் பட்டத்தின் கீழே, சற்று உள்ளே தள்ளி வர வேண்டும். உதாரணமாக, "மாற்று மாணவர், இன்ன பல்கலைக்கழகம், இன்ன ஊர், ஜெர்மனி, அக்டோபர் 2022 முதல் மார்ச் 2023 வரை, 30 ஈ.சி.டி.எஸ். கிரெடிட்" என்று எழுதலாம். ஐரோப்பாவில் ஒரு முழு வருஷப் படிப்புக்கு 60 கிரெடிட் என்று கணக்கு. ஆகவே 30 என்று போட்டால், பார்க்கிறவருக்கு, இவன் சுற்றுலா போகவில்லை, பாதி வருஷம் முழுநேரமாகப் படித்திருக்கிறான் என்று உடனே புரியும். மாதம் போடாமல் வருஷம் மட்டும் போடுகிற தந்திரம் வேண்டாம். 2022-2023 என்று எழுதினால் இரண்டு வருஷம் போலத் தெரியும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் ஆபீஸில் இருந்த காலத்தில் மாதம் இல்லாத தேதியைப் பார்த்தால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

மார்க் விஷயத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஜெர்மனியில் 1 என்றால் மிக உயர்ந்தது. 4 வரை தேர்ச்சி. 5 என்றால் ஃபெயில். ஒரு பிள்ளை 1.3 வாங்கியிருந்தால் அபாரம். ஆனால் நம் ஊரில் பத்துக்கு எத்தனை என்று பார்த்துப் பழகிய குமாஸ்தா கண்ணில் 1.3 என்பது பரிதாபமான மார்க். ஆகவே மார்க்குக்குப் பக்கத்திலேயே அளவையும் எழுதிவிட வேண்டும்: "1.3 (1 உச்சம், 4 தேர்ச்சி எல்லை)". நீங்களாக அதை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி எழுதாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் சதவீதம் கேட்டால், எந்தச் சூத்திரப்படி மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பல்கலைக்கழகமே மாற்றிக் கொடுத்த கடிதம் இருந்தால் அதைவிட உத்தமம்.

கோடை வகுப்பு, இரண்டு வார முகாம், மாநாடு, இவையெல்லாம் கல்வி அல்ல. 'பயிற்சி' என்றோ 'மாநாடுகள்' என்றோ தனியே வரட்டும். மாநாட்டில் நீங்கள் பேசினீர்களா, போஸ்டர் வைத்தீர்களா, கேட்கப் போனீர்களா என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். கேட்கப் போனதிலும் குறைவில்லை. இதில் ஒரு எச்சரிக்கை. புகழ்பெற்ற பல்கலைக்கழக ஊர்களில், விடுமுறையில் அங்குள்ள கட்டடங்களை வாடகைக்கு எடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்தும் தனியார் ஏற்பாடுகள் இருக்கின்றன. சான்றிதழில் கட்டடத்தின் படம் பெரிசாக இருக்கும், கையெழுத்து வேறொருவருடையதாக இருக்கும். அதை எழுதும்போது நடத்தியவர் பெயரைத்தான் எழுத வேண்டும். அதேபோல, 2020, 2021-ல் கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே மாற்று மாணவராகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். 'ஆன்லைன்' என்று ஒரு வார்த்தை போடுவதால் எந்தக் கௌரவமும் குறையாது. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லையே என்று யாராவது கேட்கும் நிலைமைதான் வரக்கூடாது.

பட்டங்களிலேயே சில விசித்திரங்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் பி.ஏ. வாங்கியவர், சில வருஷம் கழிந்தால், மேற்கொண்டு ஒரு பரீட்சையும் எழுதாமல் எம்.ஏ. போட்டுக்கொள்ளலாம். அங்குள்ளவர்களுக்கு அது தெரியும், நம் ஊரில் அது இரண்டு வருஷப் படிப்பு என்று எண்ணிவிடுவார்கள். ஐரோப்பாவில் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கொடுக்கும் கூட்டுப் பட்டங்கள் இருக்கின்றன. அதை மூன்று பட்டமாக எழுதாமல், ஒரே பட்டம், இன்ன இன்ன பல்கலைக்கழகங்கள் கூட்டாக வழங்கியது என்று எழுத வேண்டும். பாதியில் விட்டு வந்த பிஎச்.டி.க்கும் ஒரு வழி இருக்கிறது. உடம்பு, குடும்பம், பணம், வழிகாட்டியோடு மனஸ்தாபம் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். அந்த நாலு வருஷத்தைக் காகிதத்திலிருந்து துடைத்துவிட்டால் அங்கே ஒரு ஓட்டை தெரியும். "ஆராய்ச்சி மாணவர், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, பட்டம் பெறவில்லை" என்று எழுதி, அந்தக் காலத்தில் வெளிவந்த கட்டுரைகளை அதற்குரிய இடத்தில் போடலாம். சுரங்கத்தில் இரண்டு மாதம் காத்திருந்து பூஜ்யம் என்று எழுதினார்களே, அதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வழக்கம்.

இந்தியாவில் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு படி இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டத்தை இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்கச் சான்று கேட்பார்கள். பல வருஷங்களாக அதைக் கொடுத்துவந்தது டில்லியிலுள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்கென்றே தனி விதிகள் வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பிக்குமுன் அதைப் படித்துவிடுங்கள். 2018-ம் வருஷத்து யு.ஜி.சி. விதிகளில், உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைகளில் ஏதாவது ஒன்றில் முதல் 500-க்குள் வந்த பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. இருந்தால், நெட் பரீட்சை இல்லாமலே உதவிப் பேராசிரியர் பதவிக்குத் தகுதி என்று வைத்தார்கள். எந்தத் தரவரிசை, எந்த வருஷம் என்று கேட்பார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாலித் பதவி நிபந்தனையைத் தளர்த்த ஒரு அசுதோஷ் முகர்ஜி இருந்தார். அப்படிப்பட்டவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. குமாஸ்தா கேட்கிற காகிதம் கையில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, வெளிநாடு போகவே வசதியில்லாத பிள்ளைகள் என்ன எழுதுவது? இந்தக் கேள்வியை இன்று காலை, சுரங்கம் மூடியபோது வேலை போன ஒரு தகப்பனாரின் பேரன் என்னிடம் கேட்டான். பி.எஸ்ஸி. படிக்கிறான். காலையில் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய், ராத்திரி திரும்புகிறான். "என் சி.வி.யில அந்த இடம் காலியா இருக்கே சார்" என்றான். நான் சொன்னேன்: அந்தத் தலைப்பே உன் பயோடேட்டாவில் வேண்டாம். தலைப்பைப் போட்டு 'இல்லை' என்று எழுதுவானேன்? விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் அச்சாகியிருந்தால் மட்டும் 'இல்லை' என்று எழுது. உன் காலேஜ் லேபில் நீ செய்த ப்ராஜெக்டை, மற்றவர்கள் ஜெர்மனி லேபைப் பற்றி எவ்வளவு விவரமாக எழுதுகிறார்களோ அவ்வளவு விவரமாக எழுது. என்ன கேள்வி, என்ன கருவி, எத்தனை அளவீடு, என்ன கிடைத்தது என்று எல்லாம் வரட்டும். பெங்களூரில் ராமன் 1948-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இந்திய விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. கோடை விடுமுறையில் மாணவர்களை எடுத்துக்கொள்ளும் திட்டங்களைப் பற்றி அங்கெல்லாம் விசாரி. சம்பளம் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் போட்டித் தேர்வுகளுக்கும் விண்ணப்பி. கடன் வாங்கிப் போகாதே. ரயிலில் தினம் போய் வருகிற நாலு மணி நேரத்தில் என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். சொன்னான். அதை எழுத பயோடேட்டாவில் இடமில்லை, ஆனால் இன்டர்வியூவில் சொல்லு என்றேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பயோடேட்டாவைக் கல்யாண ஜாதகம் மாதிரி நீங்கள் தயாரிக்காதீர்கள். "ஃபாரின் ரிட்டர்ன்" என்பதை ஜாதகத்தில் எழுதுங்கள், யாரும் கிரெடிட் கேட்க மாட்டார்கள். கல்விக்கூடத்துக்குப் போகும் காகிதம் அப்படி அல்ல. அதில் பிள்ளை கையெழுத்துப் போடுகிறான். மேலே கண்ட விவரங்கள் உண்மை என்று உறுதிமொழி கொடுக்கிறான். பத்து வருஷம் கழித்துச் சரிபார்த்தாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போன் பண்ணும்போது இதைச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன்பே, பல்கலைக்கழக ஆபீஸில் முத்திரையிட்ட மார்க் பட்டியல் இரண்டு பிரதி வாங்கிவிட வேண்டும். ஊர் திரும்பிய பிறகு கேட்டால் பணமும் கட்ட வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். வழிகாட்டிய பேராசிரியரிடம், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரிக் கடிதமும் வாங்க வேண்டும். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் விரிவதில்தான் பாதிச் சங்கடம். அப்பா பெயர் அங்கே குடும்பப் பெயராகி, இங்கே உள்ள டிகிரியில் வெறும் ஓர் எழுத்தாக நின்றால், இரண்டும் ஒருவர்தான் என்று அஃபிடவிட் எடுக்க நோட்டரியிடம் அலைய வேண்டியிருக்கும்.